உதட்டில் ஒற்றிய குச்சி

குச்சியைக் கீழுதட்டில் ஒற்றிப் பார்க்கிறாள். சில்லென்று இருந்தால் ஈரம், குப்பைக்குப் போகும். ஒன்றும் தெரியாவிட்டால் காய்ந்தது; பிஸ்கட் டின்னுக்குள் போகும். மருந்து பாட்டில்கள் வந்த மரப்பெட்டியை உடைத்து, சாண் நீளத்துக்கு மெல்லிசாகச் சீவிய குச்சிகள். கடையில் விற்பதை அவள் நம்புவதில்லை. "அது பாதியில கால வாரிடும்."

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குச்சியக்கா என்று பேர். மூன்றாம் மாடி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கழுவித் துடைத்து எடுத்துவைக்கும் வேலை. சோதனைக்குழாயில் பிடித்த வாயு எதுவென்று குச்சிதான் சொல்ல வேண்டும். எரியும் குச்சியைக் காட்டியதும் 'டப்' என்றால் ஹைட்ரஜன். ஊதி அணைத்து, தணலோடு உள்ளே விட்டதும் குப்பென்று பற்றினால் ஆக்சிஜன். ஏன் என்று கேட்டால் டீச்சரைக் கைகாட்டுவாள்.

படியேறி வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொள்வாள். "இருங்கடி, காலு இன்னும் ரெண்டாம் மாடியிலேயே நிக்குது" என்பாள் பிள்ளைகளிடம். கொண்டையில் எப்போதும் ஒரு குச்சி செருகியிருக்கும். "அக்கா, தலை பத்திக்கப்போகுது!" என்று கேலி செய்வார்கள். "பத்திக்கட்டும், சீவுற வேலையாவது மிச்சம்." செய்முறைத் தேர்வன்று மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாள். எண்ணெய் பட்ட குச்சி புகையும்.

இன்று தேர்வு. காலை அணியில் முதல் ஆளாக ஒரு பெண், குழாயில் வாயுவைப் பிடித்துவிட்டாள். குச்சியைக் கொளுத்தி, ஊதி, உள்ளே விட்டாள். தணல் குழாயின் வாய்க்குப் போகுமுன்பே கறுத்துவிட்டது. மறுபடி செய்தாள். மறுபடியும் கறுத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஆக்சிஜனே வரலையேம்மா. என்னத்தக் கலந்த?"

"சரியாத்தான் சார் கலந்தேன்."

குச்சியக்கா அந்தக் குச்சியை வாங்கி உதட்டில் ஒற்றினாள். சில்லென்றது. நேற்று சாயங்காலம் கால் கெஞ்சியதில், டின்னை ஜன்னலோரமே திறந்துபோட்டுவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. ராத்திரி மழை. காலையில் படியேறி வந்த களைப்பில், உதட்டில் வைத்துப் பார்க்காமலே அள்ளிக் கொடுத்திருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மூன்றாவது மெமோ. உடைந்த கண்ணாடிக் குடுவைகளுக்கு ஒன்று, தாமதமாக வந்ததற்கு ஒன்று, ஏற்கெனவே வாங்கியாயிற்று. "இன்னொண்ணு வந்தா வீட்டுக்குத்தான்" என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம்.

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பக்கத்தில் வந்து, "சும்மா இருங்கக்கா. நான் பேசிக்கறேன்" என்று முணுமுணுத்தாள்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"சார், எழுதாதீங்க. குச்சி ஈரம். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. டின்ன மூடாமப் போனது நான்."

கொண்டையிலிருந்து குச்சியை உருவிக் கொடுத்தாள். அந்தப் பெண் கொளுத்தி, ஊதி, உள்ளே விட்டாள். தணல் குப்பென்று வெள்ளையாகப் பற்றியது. தேர்வாளர் மதிப்பெண் போட்டார். தாளின் அடியில் குச்சி ஈரமாக இருந்தது பற்றியும் ஒரு வரி எழுதினார்; எழுதியாக வேண்டும் என்பது விதி.

அடுத்த அணி மத்தியானம். ஈரக் குச்சிகளையெல்லாம் கண்ணாடிச் சாமான் உலர்த்தும் சூட்டுப் பெட்டியில் பரப்பி, காய்ந்ததும் மேசையில் கொட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உதட்டில் ஒற்றிப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியபோது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஹெட்மாஸ்டர் கூப்பிடறாரு." அவர் கொஞ்சம் தயங்கினார். "அலமாரிச் சாவியையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

அவள் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உடனே வரச் சொன்னாருக்கா."

"அம்பது பிள்ளைங்க வரும்பா. நாப்பத்தொண்ணு பாத்துட்டேன். செத்த உக்காரு."

அடுத்த குச்சியை எடுத்து, கண்ணை மூடி, உதட்டில் வைத்தாள்.