வார்டனக்காவும் கொக்கரசியும்

சேலம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் வார்டனக்கா முதலில் செய்த காரியம், கையிலிருந்த வெள்ளை உரச்சாக்கின் வாயைப் பிரித்து, மூக்கை உள்ளே நுழைத்து முகர்ந்து பார்த்ததுதான். உள்ளே கோழி இறகுகளால் தைத்த ஒரு போர்வை இருந்தது. சீயக்காய் போட்டு அலசி, மொட்டை மாடியில் கொசுவலைக்குக் கீழே காயவைத்து எடுத்த இறகுகள். "வாட போயிருச்சுன்னு நெனைக்கறேன். நீ மோந்து பாரு புள்ள" என்று சாக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாடை போகவில்லை. போய்விட்டது என்றேன். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. எந்தப் பேருந்திலிருந்தும் எங்கள் பள்ளி ஆசிரியர் யாராவது இறங்கிவிடுவார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பள்ளியில் நாங்கள் சொல்லிவிட்டு வந்தது வேறு: எனக்குக் கண்வலி, சேலத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும், துணைக்கு வார்டன் வருகிறார்.

நான் அப்போது நாமக்கல்லுக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த மாதிரிப் பள்ளிகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு மணி அடிக்கும். குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, பிறகு படிப்பு, தேர்வு, மறுபடி படிப்பு. பாடப்புத்தகத்தைத் தவிர வேறு அச்செழுத்து கண்ணில் படக் கூடாது. வீட்டிலிருந்து வரும் பலகாரத்தைச் சுற்றியிருக்கும் எண்ணெய் ஊறிய பத்திரிகைத் தாளை நாங்கள் ஆளுக்கு ஒரு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, முக்காலும் அழிந்துபோன செய்திகளைப் படிப்போம். படிப்பு நேரத்தில் என் உடம்பு மேசைக்கு மேலே அசையாமல் இருக்கும். மேசைக்கடியில் கால்கள் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்திலிருப்பவள் முழங்காலை வைத்து அழுத்தினால்தான் நிற்கும்.

வார்டனக்காவுக்கு முப்பது வயதிருக்கலாம். ஆட்டையாம்பட்டிக்காரர். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒத்துப்போகாமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்து, அங்கும் இருப்புக் கொள்ளாமல் விடுதி வேலைக்கு வந்தவர் என்று சமையல்கட்டில் பேசிக்கொள்வார்கள். மாடிப்படிக்குக் கீழே அவருக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம் என்பதால்தான் அவர் இந்த வேலையில் இருக்கிறார் என்று பின்னாளில் எனக்குப் புரிந்தது. அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். செருப்புச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குப் பயம். நின்றிருந்தால் யார் பின்னாலோ நிற்கிறார் என்று அர்த்தம்.

ஒருநாள் என் பின்னால் நின்றார். வேதியியல் கைடுக்குள் நான் ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த வருடங்களில் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் பித்துப் பிடித்ததுபோலப் படித்த ஒரு மாயக்கதைத் தொடரின் மூன்றாம் பாகம் அது. இறகுப் போர்வையைப் போர்த்தினால் பறக்கக்கூடிய ஒரு கொக்கரசி, அவளைத் துரத்தும் ஒரு படை, அவளுக்கு உதவும் ஒரு தோணிக்காரி. இதை ஒருவரிடம் வாயால் சொன்னால் சிரிப்பு வரும். படித்தால் சோறு இறங்காது. மறுநாள் முதல்வர் அறைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலைச் சாப்பாட்டின்போது பின்னாலிருந்து குனிந்து என் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் வார்டனக்கா கேட்டார்: "ஏரிக்குள்ள உழுந்தாளே, அவ என்ன ஆனா? நாலாவது புக்கு உங்கிட்ட இருக்குதா?"

அதற்குப் பிறகும் அவர் எனக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. தாமதமாக எழுந்தால் எல்லாரையும்போல எனக்கும் திட்டு விழும். ஆனால் துணி துவைக்கும் இடத்தில் நான் தனியாக இருந்தால் வந்துவிடுவார். தோணிக்காரியை நம்பலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள் பெரிய வழக்கு இருந்தது. நான் அவருக்குக் கொடுத்த நாலாம் பாகம் முடியும் இடத்தில் கொக்கரசி பகைவர் கோட்டையின் மதில் விளிம்பில் நிற்கிறாள், இறகுப் போர்வை பாதிக்குமேல் கிழிந்திருக்கிறது, கீழே அகழி. அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. கடைசிப் பாகம் எப்போது வரும் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அந்த மதில்மேலேயே மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தோம்.

விடுதி அலுவலகத்துக்கு வரும் பத்திரிகையில் அவர்தான் செய்தியைப் பார்த்தார். சேலத்தில் ஐந்து ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் ஒரு சனிக்கிழமை கடைசிப் பாகத்தின் வெளியீட்டு விழா. கதையில் வருகிறவர்களைப்போல வேடம் போட்டு வருகிறவர்களுக்குக் காலையிலேயே புத்தகம் கிடைக்கும். மற்றவர்களுக்கு மாலையில்தான். மாலைப் படிப்புக்கு ஆள் எண்ணும்போது நாங்கள் விடுதியில் இருந்தாக வேண்டும். அதனால் வேடம் போட்டே தீர வேண்டும் என்று வார்டனக்கா முடிவு செய்தார். "இல்லாட்டி இந்த வயசுல வேசம் கட்டறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?" என்றார். பரமத்தியில் எங்களுக்குக் கோழிப்பண்ணை உண்டு. அவரே என் அப்பாவுக்குப் போன் செய்து, பள்ளியில் ஒரு நிகழ்ச்சி, வெள்ளை இறகு வேண்டும் என்று கேட்டார். பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு சாக்கு இறகும், வார்டனுக்கென்று ஒரு அட்டை முட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன நிகழ்ச்சி என்றுகூடக் கேட்காமல் போனார். அதற்குப் பிறகு வார்டனக்காவின் அறைக் கதவு அடிக்கடி தாழிட்டிருந்தது. பழைய போர்வை ஒன்றில் ஒவ்வோர் இறகாக வைத்துத் தைத்தார். வெறுமனே உள்ளே நுழைவதற்காக மட்டும் ஒருவர் அப்படித் தைக்க மாட்டார்.

கடை மாடியில் இருந்தது. படியெல்லாம் பிள்ளைகள். அட்டைக் கத்தி, காகிதக் கிரீடம், முகத்தில் பவுடரை அப்பிய கல்லூரிப் பையன்கள், போன் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும் அப்பாக்கள். நான் தலையில் துண்டைக் கட்டி, விடுதியிலிருந்து எடுத்துவந்த ஒட்டடைக் கொம்பைத் துடுப்பாகப் பிடித்துத் தோணிக்காரி ஆகிவிட்டேன். வார்டனக்கா மட்டும் சாக்கை மார்போடு அணைத்தபடி கீழேயே நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று படியேறி, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் மிகை. சேலை அதே சேலைதான், இறகுகளில் நாலைந்து கழன்று தரையில் விழவும் செய்தன. ஆனால் நடை வேறு. வராந்தாவில் அலைகிற நடை இல்லை அது. தோளிலிருந்து குதிகால்வரை வெள்ளையாக இறங்கிய அந்தப் போர்வையோடு அவர் மெல்ல நடந்துவந்தபோது பிள்ளைகள் தாமாகவே வழிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் அவர் முன்னால் வந்து நின்று, நிஜமாகவே பறப்பீர்களா என்று கேட்டாள். வார்டனக்கா குனிந்து, "இன்னைக்குக் காத்து சரியில்ல சாமி" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ மாறி மாறிப் படம் எடுத்தார்கள். அந்த நேரத்தில் அவர் வாசலைப் பார்க்கவில்லை, மணி பார்க்கவில்லை. இரண்டையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு பிரதிதான் வாங்கினோம். திரும்பும் பேருந்தில் சேர்ந்து படித்தோம். அவர் வேகமாகப் படிப்பார், நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். அவர் பக்கத்தைத் திருப்ப, நான் பிடித்து நிறுத்த, நாமக்கல் வரும்வரைக்கும் அதே சண்டை. இறங்கும்போது பாதியைக்கூடத் தாண்டவில்லை. கொக்கரசி இன்னும் மதில்மேல்தான் நின்றாள். ஞாயிறு முழுக்க விடுதியில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால் திங்கள் இரவு தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் படிப்பதென்றும், முதல் நாள் அவருடையது என்றும் ஒப்புக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலைப் பத்திரிகையில் அவர் படம் வந்துவிட்டது. இறகுப் போர்வையோடு, சிரித்தபடி. பக்கத்தில் ஒட்டடைக் கொம்போடு நான்.

தாளாளர் எங்களைக் கூப்பிட்டுக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். பாதி வருடத்தில் கண்டிப்பான வார்டன் கிடைப்பது கஷ்டம். நானோ மதிப்பெண்ணில் நடுவில் கிடந்த பெண். போனால் பள்ளிக்கு நஷ்டமில்லை. கண்வலி என்று பொய் சொல்லி இந்தப் பெண்தான் உங்களை ஏமாற்றிக் கூட்டிப்போனாள், அங்கே போனபிறகு உங்களையும் வேடம் போட வற்புறுத்திவிட்டாள், அப்படித்தானே என்று வார்டனக்காவிடம் அவரே ஒரு வழி எடுத்துக்கொடுத்தார். ஆமாம் என்றால் எனக்கு டீசி, வார்டனக்காவுக்கு வேலையும் மாடிப்படிக்குக் கீழே அந்த அறையும் நிலைக்கும். என் கால் ஆடத் தொடங்கியது. வார்டனக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க. நாந்தானுங்க கூட்டீட்டுப் போனன். எனக்கு அந்தக் கதைய முடிக்கோணும்னு இருந்துச்சுங்க" என்றார்.

இந்த வயதிலா என்று தாளாளர் கேட்டார். ஆமாங்க என்றார் வார்டனக்கா. அவ்வளவுதான் பேச்சு; அவர் வேலை போனது, நான் எச்சரிக்கையோடு தப்பினேன். அவர் அறையைச் சோதித்து எடுத்துவந்து மேசைமேல் வைத்திருந்த அந்தப் புத்தகத்தையாவது கொடுத்துவிடுங்கள் என்று போகும்போது கேட்டுப் பார்த்தார். தாளாளர் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அன்று மதியம் ஒரு தோள்பையோடும் அதே உரச்சாக்கோடும் அவர் வாசலைத் தாண்டிப் போவதை வகுப்பறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். அவர் மேலே பார்க்கவில்லை. வேகமாக, எப்போதும் போலவே நடந்தார்.

மீதி மாதங்களை நான் எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. புதிதாக வந்த வார்டன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். வராந்தா அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் எனக்குப் படிப்பு ஏறவில்லை. கடைசித் தேர்வு முடிந்ததும் சேலம் போய் அதே கடையில் புத்தகத்தை வாங்கினேன். வீட்டில் அலமாரியில் வைத்தேன்; பிரிக்கவில்லை. அவருக்குக் கிடைக்காததை நான் மட்டும் எப்படிப் படிப்பது? சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்று நானே ஒரு சபதம் எடுத்துக்கொண்டு, விசாரித்து, ஆட்டையாம்பட்டிக்குப் பேருந்து ஏறினேன்.

அண்ணன் வீட்டை ஒட்டித் தறிக்கூடம். விசைத்தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வார்டனக்கா வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தறிக்கூடத்தை அடுத்த சின்ன அறைக்குள் இழுத்துப் போனார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பலகையைக் காட்டினார். அங்கே அதே புத்தகம் இருந்தது, முனையெல்லாம் மடங்கி.

வேலை போன மறுநாளே வாங்கிவிட்டாராம். அன்றைக்கே முடித்தும் விட்டாராம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை மாதம் காத்திருந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார்.

"படிக்காமயா இருந்த? கிறுக்குப் புள்ள. நானென்னமோ, நீ படிச்சுட்டு என்ன நெனைக்கறியோன்னு கெடந்து துடிச்சுக்கிட்டிருக்கறேன். இந்த ஊட்டுல யாருகிட்டப் போய் அதப் பேசறது?"

அங்கேயே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். அந்தப் பகல் முழுக்க நான் படித்தேன். தறிக்கூடத்திலிருந்து அவர் வருவதும் போவதுமாக இருந்தார். வரும்போதெல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார். சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். சோறு போட்டுக்கொடுத்துவிட்டு நான் சாப்பிடுவதைக்கூடப் பொறுக்காமல் நின்றார்.

கொக்கரசி மதிலிலிருந்து குதிக்கவில்லை. கிழிந்த இறகுப் போர்வையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, படியிறங்கி, கோட்டையின் சமையல்காரிகளோடு கலந்து பின்வாசல் வழியாக நடந்து வெளியேறுகிறாள். போர்வை இல்லாத அவளைக் காவல்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தோடு கதை முடிகிறது. நான் மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தேன். வார்டனக்கா வாசற்படியில் நின்றார்.

நல்ல முடிவு என்றேன். தப்பித்துவிட்டாளே.

"தப்பிச்சா மட்டும் ஆச்சா?" என்றார். "பறக்கத் தெரிஞ்சவ எதுக்கு நடக்கோணும்?"

போர்வை கிழிந்திருந்தது, குதித்தால் அகழியில்தான் விழுந்திருப்பாள் என்றேன். பாதி இறகு மிச்சம் இருந்ததல்லவா என்றார். எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிடுங்கிப் புரட்டிக் காட்டினார். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. தறிகள் அப்படியே அடங்கின. எங்கள் குரல் மட்டும் அந்த வீடு முழுக்கக் கேட்டது. அவருடைய அண்ணி எட்டிப் பார்த்து, என்ன சண்டை என்று கேட்டார். வார்டனக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று.

கோடை முடிவதற்குள் அவர் அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்பி, சேலத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நான் சங்ககிரியில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். காலையில் போய் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருக்கிறேன். போன வாரம் போனில் எதையோ பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று, "அவ குதிச்சிருக்கோணும் புள்ள" என்றார். எத்தனையோ தடவை சொன்ன அதே மறுப்பைச் சொல்ல வாயெடுத்தேன். ஆடாமல் கிடந்த என் கால்களைப் பார்த்தபோது அன்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. மறுமுனையில் அவர் காத்திருந்தார்.