ஆணி அடித்த மரத்துக் கிண்ணங்கள்

பாலகாட்டில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனுக்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைட் மேட்டுக்குப் போகிற பாதையில் நின்ற புளியமரம் சித்திரை மழையில் சாய்ந்தது. விழுந்த மரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். விடிவதற்குள் கிளையெல்லாம் அடுப்புக்குப் போய்விடும். இந்த மரத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள்கூடத் தழை ஒடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது ஆணி அடித்த மரம். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் லைனில் எந்தப் பெண்ணுக்காவது பேய் பிடித்துவிட்டது என்றால் உச்சிவேளையில் அங்கேதான் கூட்டிப்போவார்கள். பூசாரி அவளை ஆடவிட்டு, உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து, மரத்தோடு சேர்த்து ஆணி அடிப்பார். பிறகு முடியை அறுத்து அவளை வீட்டுக்கு அனுப்புவார். பிடித்தது மரத்தோடு நின்றுவிடும் என்று நம்பிக்கை. அந்தப் பூசாரியும் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர்தான். ஷாஃப்டுக்குக் கீழே பாறை சரியாமலிருக்க மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அங்கே அடிக்கிற தடித்த ஆணிகளையே மரத்திலும் அடித்தார்.

என் அக்காவின் முடியும் அதில் இருந்தது.

நான் மரக்கிண்ணம் கடைகிறவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிப்ளமோ படித்துவிட்டுக் கொஞ்ச காலம் காலை ரயிலேறி பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தேன். அங்கே லேத்தில் இரும்பு கடைந்த கைக்கு மரம் பிடித்துப்போனது. இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத்து ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். பூதிகோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டுகிற பலா, வேம்பு, நாவல் எல்லாம் எனக்கு வரும். கடைந்த கிண்ணங்கள் பெங்களூரில் ஒரு கடைக்குப் போகும்.

புளி நல்ல மரம். மேலே வெளிறிய மஞ்சள், உள்ளே வைரம் பாய்ந்த இடத்தில் கருஞ்சிவப்பு. கண்ணெதிரே அப்படியொரு மரம் கிடந்து மக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் அறுப்பு மில்காரரைக் கேட்டேன். எந்த மரம் என்று விசாரித்தவர், "அந்த மரமா? உள்ள பேய் கீதோ இல்லியோ, ஆணி கீது. என் ரம்பம் போச்சின்னா நீ குடுப்பியா? போப்பா" என்றார். கடைசியில் வாடகைக்கு மெஷின் ரம்பம் எடுத்து, நானே அடிமரத்தைத் துண்டுபோட்டு உருட்டிக்கொண்டு வந்தேன்.

அக்கா வாசலில் தையல் மெஷினில் இருந்தாள். என்னைவிட மிகவும் மூத்தவள். லைன் முழுக்க அவள் தைத்த ஜாக்கெட்டுதான்.

"இன்னாடா கட்டை அது?"

"புளி."

"எந்தப் புளி?"

நான் கட்டையைக் கொட்டகைப் பக்கம் உருட்டினேன். அவள் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"ஊர்ல வேற மரமே விழுலியா ஒனுக்கு?" என்றாள்.

அவள் வயதுக்கு வந்த புதிதில் வலிப்பு ஆரம்பித்தது. அப்போதுதான் ஆணி அடித்தார்கள். அதன் பிறகு குறைந்ததாக அம்மா சொல்வாள். குறைந்ததே ஒழிய நிற்கவில்லை. பேசி முடித்த கல்யாணம் அதனால்தான் நின்றது. நான் வேலைக்குப் போனதும் அவளைப் பெங்களூரில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து மாத்திரை. வலிப்பு வருவது அபூர்வமாகிவிட்டது. அம்மாவைப் பொறுத்தவரை காப்பாற்றியது ஆணி, என்னைப் பொறுத்தவரை மாத்திரை. அக்கா இரண்டுக்கும் தலையாட்டுவாள்.

கடைவதற்கு முன் ஆணியை எடுத்தாக வேண்டும். சுழல்கிற மரத்தில் உளி ஆணியைத் தொட்டால் கை போய்விடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் துண்டுகளின்மேல் தொங்கவிட்டு நகர்த்தினேன். ஆணி இருக்கிற இடத்தில் நூல் சாய்ந்தது. சுண்ணாம்பால் குறி போட்டு உளியால் தோண்டினேன். மரம் வளர்ந்து மூடியிருந்ததால் ஆணிகள் ஆழத்தில் கிடந்தன.

சேதி எப்படியோ பரவிவிட்டது. மதியம் அடுத்த லைன் ஆன்ட்டி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"தம்பி, எங்க நாத்தனாருதும் இதுல கீதுப்பா. எடுத்துட்டியா?"

"நீங்களுமா ஆன்ட்டி?"

"இன்னா செய்யறது. ஜெபம் பண்ணோம், ஆஸ்பத்திரி போனோம், இதையும் பண்ணோம். பாஸ்டருக்கு மட்டும் தெரிய வாணாம்."

அக்கா சிரித்துவிட்டாள். "கர்த்தருக்குத் தெரிஞ்சிருக்குமே ஆன்ட்டி."

"அவரு பெரிய மனசுக்காரரு. பாஸ்டருதான் ஒரு வாரத்துக்குப் பிரசங்கம் பண்ணுவாரு."

தோண்டியெடுத்த ஆணிகளைச் சாக்கின்மேல் பரப்பி வைத்தேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். எல்லாம் ஒரே ஆணி. ஒரே தடிமன், ஒரே தலை, ஒரே துரு. முடி ஒன்றில்கூட மிச்சமில்லை. ஆன்ட்டி கொஞ்சம் நீளமாகத் தெரிந்த ஒன்றைத் தொட்டு, "இதுவா இருக்கும். அவ நல்லா ஒசரம்" என்றாள். அப்புறம் அவளுக்கே நம்பிக்கையில்லாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா எதையும் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எது என்னுதுன்னு தெரிலியேடா" என்றாள்.

பச்சை மரத்தை உடனே முழுதாகக் கடைய முடியாது, வெடித்துவிடும். கிண்ணத்தின் சுவரைத் தடிமனாக விட்டுக் கடைந்து, மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் காயப்போட்டு மறுபடி கடைய வேண்டும். அப்படிக் காய்ந்து மறு வருஷம் அந்தக் கிண்ணங்களை லேத்தில் ஏற்றியபோதுதான் நிறம் தெரிந்தது. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலமும் கறுப்புமாக, தண்ணீரில் மை சிந்தியதுபோல, மரத்தின் ரேகையோடு ஓடிப் பரவியிருந்தது. ஆணித் துளைகளில் அதே மரத்தில் செதுக்கிய முளைகளை இறக்கி அடைத்தேன். உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்ததும் அந்தக் கறை எழுந்து நின்றது. அவ்வளவு அழகாக ஒரு கிண்ணம் அதுவரை என் கையில் வந்ததில்லை. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார்.

அக்கா ஒரு கிண்ணத்தை எடுத்துக் கறையை விரலால் தடவினாள்.

"இது இன்னாடா?"

"இரும்புல இருந்து வர்றது. மரத்துல துவர்ப்பு கீதில்ல, அதுவும் துருவும் சேர்ந்தா கறுப்பாவும். கடுக்காயும் இரும்பும் போட்டு அந்தக் காலத்துல மை பண்ணாங்களே, அதான் இது."

அவள் கவனமாகக் கேட்டாள். நான் சொல்வதை அவள் எப்போதும் கவனமாகவே கேட்பாள்.

"செரி. யார் வூட்டுக்குப் போவுது?"

"யாருக்குத் தெரியும்? கடையில வைப்பாங்க. புடிச்சவங்க வாங்கிக்கினு போவாங்க."

"அவங்க வூட்ல ஒரு பொண்ணு இருக்கும்ல?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஓராண்டாக அவள் தன்னை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் பயந்தது எங்கேயோ பெங்களூரில், இந்தக் கிண்ணத்தில் சாப்பிடப் போகிற முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக.

"அக்கா, அது நோயி. அதுக்குத்தான மாத்திரை சாப்பிடறே?"

"ஆமா, சாப்பிடறேன். நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா நான் பட்டத எங்கியோ ஒருத்தி படணுமா? நீ சொல்றது தப்பா இருந்தா?"

அனுப்ப வேண்டாம் என்றால் சொல்லிவிடு, அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்றேன். அவள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் நான் உழைத்ததை அவளும் பார்த்திருந்தாள். யோசித்துவிட்டு அவளே ஒரு வழி சொன்னாள். ஒவ்வொரு கிண்ணத்திலும் முதலில் அவள் சாப்பிடுவாள். உள்ளே ஏதாவது இருந்தால் சொந்தக்காரியான அவளிடமே வந்துவிடட்டும். பிறகு அனுப்பலாம்.

"பைத்தியமாடி நீ" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். "வெளிய போனத மறுபடி வெத்தல பாக்கு வெச்சி கூப்புடுவியா?"

"வந்தா எனுக்குத்தானம்மா வரும். எனுக்குப் பழக்கம்தான."

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு புளியமரக் கிண்ணத்தில். நாளுக்கு ஒரு கிண்ணம். களி உருண்டையை வைத்துக் கீரைக்குழம்பு ஊற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாள். நான் கொட்டகையில் வேலையிருப்பதுபோல உளியைத் தீட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் அவள் கடைசி வாயை விழுங்கி எழுந்திருக்கிறவரை லேத்தை ஓடவிட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் கழுவித் துடைத்து நிழலில் கவிழ்த்துவாள். மறுநாள் என்னிடம் கொடுத்து, "இது போவலாம்" என்பாள்.

கறை அதிகமாக இருந்த பெரிய கிண்ணத்தை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். அது ஆடி வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து விரதம். கூழ் ஊற்றிய பிறகு அதில்தான் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவ எழுந்தவள் குழாயடியில் விழுந்தாள்.

நான் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலைக்கடியில் என் சட்டையைச் சுருட்டி வைத்தேன். கையில் இரும்புச் சாவியைக் கொடுக்க வந்த அம்மாவைத் தடுத்தேன். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. எத்தனை முறை பார்த்தாலும் பழகாது. அடங்கியபின் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போய் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் வேண்டாம் என்று காலை மாத்திரையை விட்டிருந்தாள். முந்தின ராத்திரி மாத்திரையும் அட்டையிலேயே இருந்தது. கூழ் காய்ச்சுகிற வேலையில் மறந்திருப்பாள். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தேன்.

அம்மா அழுதுகொண்டே, "அந்தக் கருமத்த அடுப்புல போடுடா" என்றாள்.

அக்கா கண் திறந்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் பேச்சு குழறியது. முதலில் கிண்ணத்தைத்தான் தேடினாள். குழாயடியில் உருண்டு கிடந்தது, உடையவில்லை.

"வந்துடுச்சி" என்றாள். "எனுக்கே வந்துடுச்சி. இனிமே அதுல ஒண்ணும் இல்ல. அனுப்பிடு."

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்த அட்டையைக் காட்டிக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கவனமாகக் கேட்டிருப்பாள், தலையாட்டியிருப்பாள். நான் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தேன். அவள் மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

மறுநாள் பெட்டி கட்டும்போது அந்தப் பெரிய கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைத்தேன். யாருக்கும் கொடுக்க மனமில்லை. அக்கா பார்த்துவிட்டாள். நெற்றியில் வீக்கம் வடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்த ஏன்டா நிறுத்திட்டே? நான் பட்டது பத்தாதா?"

அந்தக் கிண்ணத்தை நிறுத்திவைத்தால் அதில் ஏதோ மிச்சமிருக்கிறது என்று ஆகிவிடும். எடுத்து அவளிடமே கொடுத்தேன். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணித்துண்டுகளை அவள் உள்ளே திணித்து, வெளியேயும் சுற்றி, முடிச்சுப் போட்டாள். பெட்டியில் இடம் பார்த்து அவளே இறக்கிவைத்தாள்.

காலை ரயிலில் கூட்டம். பெட்டியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பெங்களூர் வரை போனேன்.