ரெண்டு ஆட்டம், ஒரு பார்பிக்யூ

டெல்மர் ஹாஸ்கின்ஸ் அந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், ஹாலோவே கல்லூரிப் பையன்கள் தோற்றுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. நம்பிக்கை என்ன நம்பிக்கை, ஊருக்கே தெரிந்த விஷயம். வருஷா வருஷம் மே மாதம் பேஸ்பால் சீசன் முடியும்போது எட்டுக் கல்லூரிகள் கூடி சாம்பியன்ஷிப் ஆடும். ஒரு தடவை தோற்றால் மன்னிப்பு உண்டு. இரண்டாவது தடவை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஹாலோவே அணி புதன்கிழமை ஒன்று தோற்கும், வியாழக்கிழமை இன்னொன்று தோற்கும், அந்த ஊர் பார்பிக்யூ கடையில் புகையில் வெந்த பன்றிக்கறியை வயிறு முட்டத் தின்றுவிட்டு வீடு வந்து சேரும். 'ரெண்டு ஆட்டம், ஒரு பார்பிக்யூ' என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. கல்லூரியின் சின்னம் கொக்கு. "கொக்கு கறி தின்னக் கெளம்பிருச்சு" என்று பெட்ரோல் பங்கில் நிற்கிறவன்கூட நக்கலடிப்பான்.

அந்தக் கொக்குகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற பஸ் டிரைவர்தான் டெல்மர். வியாழக்கிழமை ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவருடைய அண்ணனை அடக்கம் செய்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணி ஆர்டித் கூப்பிட்டிருந்தாள். அண்ணி என்று பேர்தான், பள்ளிக்கூடத்தில் டெல்மரின் வகுப்புக்காரி.

"வெண்டல் போயிட்டான், டெல்மர். தூக்கத்துலயே."

"அப்படியா" என்றார். அடுப்பில் முட்டை கருகுகிற வாசனை வந்தது, போய் அணைத்தார்.

"சனிக்கிழமை பதினொண்ணுக்கு, சர்ச்சுல. பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். அஞ்சு பேருக்குச் சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்னு உனக்குத் தெரியும், ஆர்டித்."

"தெரியும். பக்கத்துல நானுந்தானே நின்னேன். கோவத்துல சொன்னதையெல்லாம் பெட்டிக்குள்ள வெச்சா மூட முடியும்? நீ வர்றியா இல்லையா, அதச் சொல்லு."

"வர்றேன்."

"அப்ப ஆறாவது ஆள் நீதான். வேற யாரையும் கேக்க மாட்டேன்."

வெண்டல் சொன்னது பல வருஷத்துக்கு முந்தைய கதை. அவர்களுடைய அம்மாவின் அடக்கத்தன்று டெல்மர் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக்காரர்களை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். திரும்பும் வழியில் பஸ் மக்கர் பண்ணிவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெண்டல் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தவன், குரலும் அதற்கேற்ற குரல். அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "உனக்கு பஸ்ஸுதான் பெருசு. நாளைக்கு நான் செத்தாலும் நீ பஸ்தான் ஓட்டிட்டு இருப்ப. வராத. என் சாவுக்கு நீ வரவே வேணாம்."

திருப்பிச் சண்டை போட டெல்மருக்கு வராது. பொண்டாட்டி வீட்டைவிட்டுப் போனபோதுகூட, "உங்கூடச் சண்டைகூட போட முடியலையேய்யா" என்று சொல்லித்தான் போனாள். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. அண்ணன் ஊரைத் தாண்டித்தான் நெடுஞ்சாலை போகிறது. மாதத்துக்கு நாலு தடவை அந்த வழியாகப் போவார், ஊருக்குள் திரும்ப மாட்டார்.

சாவுச் செய்தி வந்த பிறகு, துக்கம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பினால் கன்னம் நம்முடையதுதானா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. கறுப்புக் கோட்டை அயர்ன் பண்ணி பஸ்ஸிலேயே தொங்கவிட்டார். பயணத்தை வேறு யாருக்காவது மாற்றிக் கேட்டிருக்கலாம். எதற்கு, வியாழக்கிழமை வந்துவிடப் போகிறோமே என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை பையன்கள் சொல்லிவைத்த மாதிரி தோற்றார்கள். அடி என்றால் அப்படி ஒரு அடி. எதிரணிக்காரர்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் ஆடிக் காட்டினார்கள்.

வியாழக்கிழமை காலையில் எல்லாரும் அறையைக் காலி செய்தார்கள். தோற்றால் நேரே வீடு என்பதால், ஒரு தோல்வி கண்ட அணி தினமும் காலையில் பைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போக வேண்டும். கோச் ப்ரூயிட் பார்பிக்யூவுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். "ஆட்டம் முடியறதுக்குள்ள போய் வாங்கிட்டு வந்துருங்க, டெல்மர். சூடா தின்னாலாவது பசங்க மூஞ்சி கொஞ்சம் தெளியும்" என்றார்.

டெல்மர் கறிப் பொட்டலங்களோடு திரும்பி வந்தபோது மைதானத்தில் ஒரே கூச்சல். கொக்குகள் ஜெயித்திருந்தார்கள்.

பையன்கள் கறியைத் தின்றார்கள், பைகளை இறக்கினார்கள், அதே விடுதியில் மறுபடியும் அறை எடுத்தார்கள். டேன் ப்ரிஸ்கோ என்று ஒருத்தன். கடைசி வருஷம் படிக்கிறவன். பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று எப்போதும் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில்தான் வருவான். அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"மிஸ்டர் டெல்மர், கறி வந்ததுனாலதான் ஜெயிச்சோம். நாளைக்கும் நீங்கதான் வாங்கணும். அதே கடை, அதே நேரம்."

"நாளைக்கு வேற சாஸ் வாங்கட்டா?"

"தெய்வமே, எதையும் மாத்திராதீங்க. சட்டையக்கூட."

பேஸ்பால் ஆடுகிறவனுக்குப் பிடிக்கிற பைத்தியம் இருக்கிறதே, அதற்கு வைத்தியமே கிடையாது. ஜெயிக்கிற வரைக்கும் காலுறை துவைக்க மாட்டான், தாடி மழிக்க மாட்டான். வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டம். டெல்மர் இரண்டு தடவை கறி வாங்கி வந்தார். இரண்டிலும் ஜெயித்தார்கள். பஸ் முழுக்கப் புகை நாற்றம், கறுப்புக் கோட்டிலும் ஏறிவிட்டது. முன்பின் தெரியாத கிழவன் ஒருவன் வந்து டெல்மரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "கறிக்காரர் நீங்கதானா?" என்று கேட்டான். இறுதி ஆட்டம் ஒன்றே ஒன்று, சனிக்கிழமை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காலை பதினோரு மணி.

டெல்மர் பஸ் நிறுத்துமிடத்துக்கு வந்து, கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிற ஜெனீவாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கும் ஆட்டம் இருக்கு, ஜெனீவா. மாத்து டிரைவர் யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன், உடம்பு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப யாராச்சும் செத்துட்டாங்களா? மே மாசம் வந்தா நம்ம டிரைவருங்களுக்கு சொந்தக்காரங்க சாகற மாதிரி வேற எந்த மாசமும் சாகறதில்ல." அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"ஒருத்தரும் சாகல" என்றார் டெல்மர்.

"கார்ல் சும்மாதான் இருக்கான். இப்ப சொன்னாலும் விடியறதுக்குள்ள அங்க வந்துருவான். அனுப்பவா?"

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

அடப்பாவி மனுஷா, அண்ணன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. அந்தப் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டால் 'வராதேன்னு சொன்னேனே' என்று உள்ளேயிருந்து குரல் வரும் போலிருந்தது. இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது போய்த் தூக்க என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது. பையன்கள் தோற்றிருந்தால் யோசிக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது, கால் தானாகப் போயிருக்கும். ஜெயித்துத் தொலைத்துவிட்டார்கள்.

பிறகு ஆர்டித்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வர முடியாது போலருக்கு. வேலை."

"பஸ்ஸா?"

"ஆமா."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் பைகளை ஏற்றினார்கள். கறியை முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டு, மூன்றாவது வரிசை ஓரத்தில், பையன்கள் அவருக்கென்று பிடித்து வைத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு எல்லாரும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். தேசிய கீதம். டெல்மரும் எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அங்கேயும் இப்போது எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தார். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார். "உக்காருங்க சார், மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி சொன்னாள்.

ஆட்டத்தை அவர் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கண் எதிரே நடந்தது, அவ்வளவுதான். ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்த நிலையில் கொக்குகளுக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. ஓடிவர மூன்று மூலையிலும் ஆள் நிற்கிறான், ஒரு நல்ல அடி விழுந்தால் கோப்பை கையில். மட்டையோடு வந்தவன் ப்ரிஸ்கோ. ஓங்கி அடித்தான். பந்து உயரே போயிற்று, நேர் உயரே. கீழே நின்றவன் நகரக்கூட வேண்டியிருக்கவில்லை, கையை விரித்து வாங்கிக்கொண்டான். ஆட்டம் முடிந்தது, வருஷமும் முடிந்தது.

எதிரணிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கத்தினார்கள். கொக்குகள் மைதான ஓரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காருகிற குழிக்குள் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வருஷத்துப் பையன்கள் யாரும் சீருடையைக் கழற்றவில்லை. கழற்றினால் மறுபடியும் போட முடியாது. கறியை யாரும் தொடவில்லை.

டெல்மர் பஸ்ஸுக்குள் போய் போனைப் பார்த்தார். ஆர்டித் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது, டெல்மர். ஆறாவது ஆளுக்கு அந்த ஈமச்சடங்கு ஆபீஸ்லருந்து ஒரு பையனக் குடுத்தாங்க. நல்ல பையன், ஆனா குள்ளம். பெட்டி ஒரு பக்கமா சாஞ்சுபோச்சு. உன் உயரம்னா சரியா இருந்திருக்கும். வெண்டல் பாத்திருந்தா கத்தியிருப்பான்." கொஞ்சம் நிறுத்தினாள். "சாப்பாடு மிச்சம் இருக்கு. சும்மா சொன்னேன்."

ஒரு தடவைதான் கேட்டார். போனைச் சட்டைப்பையில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார், டயரைப் பார்த்தார், எல்லாரும் ஏறிய பிறகு வண்டியை எடுத்தார்.

ப்ரிஸ்கோ அழுக்குச் சீருடையோடு முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வெகுதூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மன்னிச்சிருங்க, மிஸ்டர் டெல்மர்."

"எதுக்குப்பா?"

"நாங்க வியாழக்கிழமையே தோத்திருந்தா நீங்க அப்பவே வீட்டுக்குப் போயிருப்பீங்க. உங்கள இத்தன நாள் பிடிச்சு வெச்சு, கறி வாங்க அலைய விட்டு, கடைசில நான் கோட்ட விட்டுட்டேன். ஒண்ணுத்துக்கும் ஆகாம போச்சு."

"எனக்கு வீட்ல ஒரு வேலையும் இல்ல" என்றார் டெல்மர். "நீ நல்லாத்தான் அடிச்ச."

அண்ணன் ஊருக்குப் பிரிகிற இடம் வந்தது. பச்சைப் பலகையில் பேர் தெரிந்தது. மேட்டில் சர்ச் கோபுரம், அதற்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். வண்டியின் வேகம் குறைந்ததை டெல்மர் கவனிக்கவில்லை, பையன் கவனித்தான்.

"இந்த ஊர்ல யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"எங்கண்ணன் இருக்கான்."

"ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமே. யாருக்கும் ஒரு அவசரமும் இல்ல. கோச்சுகிட்ட நான் கேக்கறேன்."

"வேணாம்ப்பா. என்னைய வர வேணாம்னு சொல்லியிருக்கான்."

"எப்ப?"

"எங்கம்மா செத்தப்ப. ரொம்ப வருஷம் ஆச்சு."

"அடேங்கப்பா. அதையா இன்னும் பிடிச்சுட்டு இருக்காரு? நீங்க நேர்ல போய் நின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எனக்கும் அண்ணன் இருக்கான், கத்துவான், அப்புறம் அவனே வந்து பேசுவான். அடுத்த வாரமாவது போங்க, மிஸ்டர் டெல்மர்."

"ம். போறேன்."

திருப்பம் பின்னால் போய்விட்டது. ரோட்டின் இரு பக்கமும் சோளக் கொல்லைகள் வந்தன. எங்கோ டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது, அது என்னவென்று டெல்மருக்குப் புரியவில்லை.

"இண்டிகேட்டர் போட்டபடியே இருக்கு" என்றான் ப்ரிஸ்கோ. "அந்த ஊருக்குள்ள திரும்பப் போட்டீங்க போல."

டெல்மர் அதை அணைத்தார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. தோற்றதற்காக அழுகிறார் என்று நினைத்து, பையன் அவருடைய தோளில் கையை வைத்தான்.