கழுவிய போத்தலும் ஊதா வளையமும்

இரண்டாம் தவணை விடுமுறையில் என் வகுப்பில் பாதிப் பேர் எல்ல ஊரின் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கப் போனார்கள். நான் அம்மாவின் சளியோடு பதுளைக்குப் போனேன். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சளிச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

அம்மா கொழுந்து பறிப்பவர். இந்த வருடம் மூன்று முறை காய்ச்சலும் இருமலும் வந்தன. மருந்து குடித்தால் அடங்கும். இரண்டு வாரத்தில் மறுபடி தொடங்கும். மலை ஏற மூச்சு போதாமல் வேலைக்குப் போகாத நாட்களே அதிகம். காரணத்தைக் கண்டுபிடிக்க டொக்டர் மூடி போட்ட சிறு போத்தல் ஒன்றைக் கொடுத்தார். காலையில் இருமித் துப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் புது மருந்து.

அம்மா போத்தலில் இருமித் துப்பி மூடியதும், 5.50க்கு எங்கள் லயத்து வீட்டை விட்டு இறங்கினோம். பிரதான வீதிக்கு மூன்று கிலோமீற்றர். 6.40க்குப் பஸ். அம்மா வழியெல்லாம் இருமினார். கண்டக்டர், "யன்னல் பக்கம் உக்காருங்கம்மா, காத்து வரட்டும்" என்று இடம் மாற்றிக் கொடுத்தார். 7.10க்குப் பதுளை.

ஆய்வுகூடத்தில் இருந்த மிஸ் யாழ்ப்பாணத்தவர். போத்தலைத் திறக்காமலே மோந்து பார்த்தார்.

"சவுக்கார வாசம் வருது. கழுவினீங்களோ?"

"ஆமாங்க மிஸ். பெரிய எடத்துக்குக் குடுக்கிறது, அழுக்கா குடுக்க முடியுங்களா? நல்லா கழுவி, அடுப்புக்கு மேல காய வச்சேன்" என்றார் அம்மா, பெருமையாக.

"ஐயோ அம்மா, அது கிருமி இல்லாமத் தந்த போத்தல். இப்ப உங்கட கிருமி செத்துப் போயிருக்கும், வீட்டுத் தண்ணிக் கிருமி உள்ளுக்க வந்திருக்கும். இதை வச்சுச் சொன்னா பொய் முடிவுதான்."

புதுப் போத்தல் தந்து வெளியே அனுப்பினார். வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து அம்மா முயன்றார். எச்சில்தான் வந்தது.

"பஸ்ஸுல நிக்காம வந்துச்சே, இப்ப எங்கடி போச்சு?"

"மாடிப்படி ஏறிப் பாப்போம் வாங்க" என்றேன். இரண்டாம் முறை ஏறி இறங்கியதும் கட்டிச் சளி வந்தது. இருமலுக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனபோது, மிஸ் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு சோதனைக் குழாய்களைப் பிடித்துக் காட்டினார். அம்மாவின் சளியிலிருந்த பற்றீரியாவை ஒன்றில் ஒரு நாள் வளர்த்து, பிறகு இரண்டையும் கொட்டிக் கழுவி, ஊதாச் சாயம் இட்டிருந்தார்களாம். ஒப்பிட வைத்திருந்த, கிருமி இல்லாத குழாயில் எதுவும் ஒட்டவில்லை. அம்மாவுடையதில் சுவரைச் சுற்றி அடர்ந்த ஊதா வளையம். கிருமிகள் பசை போன்ற படலம் கட்டி, அதற்குள் ஒளிந்திருப்பதன் அடையாளம் அது. மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது.

"நம்ம பீலிக் கல்லு வழுவழுப்பு மாதிரி" என்றார் அம்மா. "எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் போவாது."

"அதேதான்!" என்றார் மிஸ். பீலி என்பது நாங்கள் தண்ணீர் பிடிக்கும் குழாய்; அதன் கீழே உள்ள கல் எப்போதும் வழுக்கும். என் விஞ்ஞானப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல உதாரணம் இல்லை.

டொக்டர் மருந்தை மாற்றினார். சளியை வெளியேற்ற மூச்சுப் பயிற்சியும் சொன்னார். ஒரு மாதம் கழித்து மறுபடி சோதனை; அதற்குப் புதுப் போத்தலும் தந்தார்.

போகிறவர்களுக்கு: இருவருக்கும் போகவர பஸ் காசு இருநூற்று நாற்பது ரூபாய். எட்டு மணிக்கு முன் போனால் வரிசை குறைவு. எச்சில் அல்ல, நெஞ்சுச் சளி வேண்டும். போத்தலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா எங்கள் அலுமாரியிலிருந்த புதுப் போத்தலை எடுத்து, "தூசியா இருக்கே, அலசித் தரவா?" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். மூச்சு வாங்கவில்லை.

"அதுல கைய வைக்காதடி!"