ஐந்து தட்டுகள்

சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் முறுக்குச் சுட்டால் பத்து வீட்டுக்குத் தட்டு போகும். எங்கள் வீட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. போன தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாத வீட்டில்கூட ஒரு கை சீனியோ ஒரு முழம் பூவோ வைத்துக் கொடுப்பார்கள். எழவு வீட்டிலிருந்து மட்டும்தான் பாத்திரம் வெறுமையாக வரும். சீனி வந்தால் வழியிலேயே பாதி என் வாய்க்குள் போய்விடும். அம்மாவுக்கும் அது தெரியும். "சொமந்தவளுக்குக் கூலி" என்று சிரிப்பாள். அதனால் அதைத் திருட்டு என்று நான் நினைத்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, அப்பா திண்டுக்கல்லுக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றில் வீடு கட்டினார். அவருக்கு டவுனில் குமாஸ்தா வேலை. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அமைதியின் மேல் அப்படி ஓர் ஆசை. "இங்க ஊசி விழுந்தாக் கேக்கும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லத் தயாராக இருந்தார். வருவோர் போவோர்தான் இல்லை. எங்களோடு சேர்த்து மொத்தம் ஆறு வீடு. மிச்ச மனைகளில் எல்லைக் கல்லும் சீமைக்கருவேலமும் இருந்தன. எல்லா வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட். எட்டு மணிக்கு ஆண்கள் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலும் போய்விட்டால், சாயங்காலம் வரை மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அம்மாவுக்குப் பேச்சுதான் சாப்பாடு. குழாயடிக்குப் போனால் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பேசுவாள். இங்கே குழாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பால்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்த ஓர் ஆடி வெள்ளியன்று அம்மா பருப்புப் போளி சுட்டாள்.

"நாம போய் ஒட்டுனாத்தான அவுகளும் ஒட்டுவாக" என்று, பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் நாலு போளியை வைத்து என்னிடம் கொடுத்தாள்.

முதல் வீடு டீச்சர் வீடு. அவர் தட்டைக் கழுவி நாலு கிரீம் பிஸ்கட் வைத்துக் கொடுத்தார். புங்கமரத்தடியில் நின்று இரண்டைத் தின்றேன். கூலி அவ்வளவுதான். ஆனால் அந்த மாதிரி பிஸ்கட்டை அதற்குமுன் நான் தின்றதில்லை. நாலும் போய்விட்டது.

"என்னத்தா வச்சுக் குடுத்தாங்க?" என்று அம்மா கேட்டாள்.

பாதிதான் கூலி, முழுவதும் தின்றேன் என்று எப்படிச் சொல்வது. "ஒண்ணும் வைக்கலம்மா" என்றேன்.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "படிச்சவுக. வழக்கம் தெரிஞ்சிருக்காது" என்று அடுத்த தட்டைக் கையில் கொடுத்தாள்.

இரண்டாவது வீட்டில் மைசூர்பாகு. அதைக் கொண்டுபோனால், இவர்கள் வைத்திருக்கிறார்கள், டீச்சர் ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி வரும். அம்மா நேரே போய்க் கேட்டாலும் கேட்பாள். எனவே தின்றேன். ஒரு பொய்க்கு எத்தனை தீனி போட வேண்டியிருக்கிறது! மூன்றாவது வீட்டிலும் நாலாவது வீட்டிலும் என்ன கொடுத்தார்கள் என்பது மறந்துவிட்டது. தின்றது மட்டும் நினைவிருக்கிறது.

கடைசியாக எதிர்வீடு. அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பேர், வகுப்பு எல்லாம் கேட்டார். இரண்டு வாழைப்பழமும் தாளில் மடித்த குங்குமமும் வைத்து, தன் வீட்டுக் கொடியிலிருந்து பறித்துத் தொடுத்த மல்லிகையை அதன் மேல் சுருட்டி வைத்தார். "சாயந்தரம் பாக்க வாரேன்னு அம்மாட்டச் சொல்லு" என்றார்.

பழத்தை வயிறு வலிக்க வலிக்கத் தின்றேன். பூவைத் தின்ன முடியாது. குங்குமத்தோடு சேர்த்துக் கருவேலத்துக்குள் எறிந்துவிட்டு, வாயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா ஐந்தாவது தட்டை வாங்கி மற்ற நாலின்மேல் வைத்தாள். "நம்மள எழவு வீடாக்கிட்டாங்க" என்றாள். மிச்சப் போளியை மறுநாள் பால்காரரின் மாட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் சொன்னபடியே அன்று சாயங்காலம் வந்தார். அம்மா கிரில் கதவைத் திறக்கவில்லை. "அவுக இல்ல. எனக்கும் வேலை கெடக்கு" என்றாள். கதவிடுக்கில் நின்ற எனக்கு உயிர் வந்தது. நான் தப்பித்துவிட்டேன்.

ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று அம்மா கொஞ்ச நாள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆறு மாசத்துல பழகிரும்" என்றார் அப்பா. இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கிரகப்பிரவேசம், சீமந்தம் என்று எதற்கு அழைத்தாலும் அப்பா மட்டும் போய் வருவார். அம்மா தலைக்கனம் பிடித்தவள் என்று தெரு முடிவுகட்டியது. குடம் வழியப் பேசியவள், போகப் போக எங்களிடமும் 'ம்' கொட்டுவதோடு சரி.

நான் சொல்லியிருக்கலாம். பத்து வயதில் அடிக்குப் பயந்தேன். பதினைந்தில் மறந்ததுபோல் இருந்தேன். கல்யாணமாகிப் போன பிறகு, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

அம்மா இறந்த மறுநாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்தார். தலை நரைத்துக் குனிந்து நடந்தார். எழவு வீடு என்பதால் தூக்கைக் கழுவி வெறுமையாகத்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட் வரை போனவர் நின்றார்.

"நீங்க குடிவந்த புதுசுல தட்டுல பூ வச்சு விட்டேனே, ஞாபகம் இருக்கா? உங்கம்மா எதுக்கு எம் மேல கோவிச்சுக்கிட்டாங்கன்னு இம்புட்டு வருசமா யோசிக்கிறேன், தெரியல. அந்தப் பூவையாச்சும் தலையில வச்சாங்களாம்மா?"

"வச்சாங்க" என்றேன்.

ஏழு வயதில், தின்பண்டத்தைத்தான் அம்மாவிடமிருந்து மறைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஐந்து தட்டிலும் ஐந்து பேர் அவளோடு பேச வந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.