வேகாத பீன்ஸ்

தூத்துக்குடியில் கப்பலேறி இருபது வருடம் சமையல்காரராக இருந்தவர் என் கணவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபின் பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டையும் ஒதுக்கினார். நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மொட்டைமாடியில் கோழி சுட வருவதாகச் சொன்னார்கள். கப்பலில் இறைச்சி சுடும் நாட்களில் அவர் கூடவே பேக்டு பீன்ஸ், அதாவது ராஜ்மாவை இனிப்பும் புளிப்புமாகக் குழைய வேகவைத்தது, செய்வாராம். அதைச் செய்தால் ஒருவேளை வாய் திறப்பார் என்று நினைத்தேன். செய்முறை அவர் எப்போதோ சொல்லிக் கேட்டதுதான்.

பன்றி இறைச்சியைச் தேங்காய்ச் சிரட்டைப் புகையில் வாட்டி, ஊறிய ராஜ்மா, தக்காளி, கருப்பட்டியோடு அடுப்பில் ஏற்றினேன். மூன்று மணி நேரமாகியும் பீன்ஸ் கல்லாகவே கிடந்தது. மாடியில் கோழி வெந்துவிட்டது. இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சுவரைப் பிடித்தபடி அவர் வந்து நின்றார். இடது கையால் கரண்டியில் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"ஏளா, தக்காளியும் கருப்பட்டியும் முதல்லயே போட்டா வேகாது," என்றார். நாக்கு குழறியது. "சோடா உப்பு துளி போட்டு குக்கர்ல வை."

வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது குழைந்தது. அவர் மூன்று கரண்டி சாப்பிட்டார்.

"உப்பு பத்தல," என்றார்.

உப்பு ஜாடியை எடுத்து அவருடைய இடது கைப் பக்கம் வைத்தேன்.