இடப்பக்க முடிச்சு

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்தபடியேதான் அவர் பேசுவார். அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை அது. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். அவருக்கு அங்கே ‘கட்டர்’ என்று பெயர். வெட்டும் இயந்திரம் வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரு கையாலும் ஒருசேர அமுக்கினால்தான் கத்தி இறங்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒன்றில் அட்டைத் துண்டைச் செருகிவைத்தார். “ரெண்டு கையும் குடுன்னு கேட்டுச்சு. நான் ஏமாத்தப் பார்த்தேன்,” என்பார், குழம்பில் உப்பு குறைந்ததைச் சொல்வதுபோல.

கைப்பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை அங்கே போகிறேன். அவர் திரும்பி வந்த முதல் வாரம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். “சும்மா இருங்கண்ணே, சம்பளம் வந்துடும்,” என்றார் முதலாளி.

“பொம்மை மாதிரி உட்கார வீட்லயே நாற்காலி இருக்கு தம்பி.”

வேலை கொடுக்காமல் கை தேறாது என்று நானும் சொன்னேன். கட்டுப் போடும் வேலை கிடைத்தது. இருபத்தைந்து பெட்டிக்கு ஒரு கட்டு.

இடக்கையும் பல்லும் சேர்ந்து முடிச்சுப் போடும். பசை தடவும் அம்மா சும்மா விடமாட்டார். “பல்லு கொட்டிட்டா என்ன பண்ணுவீங்க?”

“உன்னுதைக் கடன் வாங்கிக்கிறேன். ஓயாம ஆடுற வாய், ஒரு வேலைக்காவது ஆகட்டும்.”

பட்டறையே சிரிக்கும். ஒரு மாதத்தில் நாளைக்குப் பதினைந்து கட்டு வரை வந்துவிட்டார். வெட்டும் வேலை இனி இல்லை என்பது அவருக்குத் தெரியும். இதுவும் போனால் மறுபடி நாற்காலிதான்.

அவர் போடும் முடிச்சின் வால் இடப்பக்கம் விழும். போன வாரம், வண்டியில் ஏற்றிய கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எல்லா வாலும் வலப்பக்கம்.

முதலாளியைத் தனியே கேட்டேன். “வழியிலேயே ரெண்டு தடவை கட்டு பிரிஞ்சுடுச்சும்மா. அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் சாப்பிடப் போறப்ப நானே பிரிச்சுக் கட்டிடுறேன்.”

நல்ல மனசுதான். நல்ல மனசால் கெட்டுப்போன கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேற்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. வழக்கம்போல் கட்டுகளிடம் வந்த முதலாளி திகைத்து நின்றார். “சாப்பிடலையாண்ணே?”

அவர் கட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டார். பல்லிலிருந்த கயிற்று நுனியை எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்து, முதலாளியிடம் நீட்டினார்.